ரோசாக் என்று எழுதிய பக்கங்கள்

“மிஸ், நீங்க அளக்கிறது குளத்தையா, உங்க பேசினையா?”

டெங்கில் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குளத்தில், ராக்கிட்டை மூங்கிலால் தள்ளிக்கொண்டே தேவராஜ் என்னிடம் இப்படிக் கேட்டார். நான்கு காலிப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த மிதவைதான் அந்த ராக்கிட். அவர் அந்த ஆலையில் குளங்களைப் பார்த்துக்கொள்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். யாரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லிச் சீண்டாமல் இருக்கமாட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உங்க வேலையப் பாருங்கண்ணே” என்றேன். மனத்துக்குள், இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். அலுவலக மொழியில் எழுதினால் நம் பிரிவுத் தலைவரின் மேசையைத் தாண்டித்தான் உங்களிடம் வரும். நீங்கள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் என்று பெர்னார்ட் அங்கிள் சொன்னார். அதனால் தமிழில். படித்து முடித்ததும் மடித்து உள்ளே வையுங்கள். இங்கே மேசைமேல் கிடக்கும் எந்தக் காகிதத்தையும் யாராவது படிப்பார்கள்.

கருவியை எப்படிப் பூட்டுவது, ஊசியை எப்படிச் செருகுவது என்பதையெல்லாம் பெர்னார்ட் அங்கிள் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார். அவர் இங்கே இருபது வருடமாக லேப் டெக்னீஷியன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு விஷயத்தை நான் சொல்கிறேன். கேட்டால் அவருக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் சொல்ல இனிப்பாக இல்லை.

நாம் செய்வது இதுதான். குளத்தின் அடியில், காற்றுப் புகாத சேற்றில் ஆலைக்கழிவு அழுகும்போது மெத்தேன் வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, அதற்கு மணமும் இல்லை. குளத்தில் மூக்கைத் துளைப்பது வேறு வாயு. நாட்டில் எவ்வளவு மெத்தேன் வெளியாகிறது என்று அரசாங்கம் சொல்லவேண்டிய காலம் வந்தது. குளங்களை மூடி வாயுவைப் பிடித்து எரித்துவிடலாம் என்ற திட்டமும் வந்தது. எந்தக் குளத்தை முதலில் மூடுவது என்று முடிவுசெய்ய ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அந்தப் பட்டியலுக்குத்தான் நம்முடைய அளவுகள்.

அரசாங்கத்தின் கருவி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் பேசின். அதன் விளிம்பில் மோட்டார் டியூபைக் கட்டி, தண்ணீர்மேல் கவிழ்த்து மிதக்கவிடுகிறோம். பேசினின் முதுகில் ஒரு ரப்பர் அடைப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதில் ஊசி குத்தி, உள்ளே சேரும் வாயுவைக் கொஞ்சம் இழுக்கிறோம். நான்கு முறை இழுத்தால் லேபில் நான்கு புள்ளிகள் கிடைக்கும். நான்கும் நேர்கோட்டில் ஏறினால் அந்த அளவு செல்லும். ஏறாவிட்டாலும், பேசின் குளத்திலேயே புரண்டாலும் ரோசாக். மலாயில் கெட்டுப்போனது என்று பொருள். குளக்கரையில் குறிப்பெழுதும் வயல்புத்தகத்தில் சிவப்புப் பென்சிலால் ‘ரோ’ என்று போட்டுவிட்டு, வேறு இடத்தில் பேசினை வைத்து மீண்டும் எடுப்பது இங்கே வழக்கம். ‘ரோ’ போட்டது எதுவும் டைப்பாகும் தாளுக்குப் போகாது.

நேர்கோடு எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டுப்புத்தகம்தான் என் மானம் என்று வளர்ந்தவள். இந்த அலுவலகத்திலேயே சுத்தமான வயல்புத்தகம் என்னுடையது என்று தலைவர் ஒருமுறை எல்லோர் முன்னிலும் தூக்கிக் காட்டினார். அன்று பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வாடகை அறைவரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

டெங்கில் ஆலையை இரண்டு வருடம் அளந்தோம். அந்த ஆலை அனுப்பும் கழிவின் அளவைப் பார்த்தால் வரவேண்டிய வாயுவில் பாதிகூட எங்கள் பேசினில் வரவில்லை. பட்டியலில் அது கீழே போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது. ஆறு வருட அனுபவத்தில் நான் கற்ற முதல் பாடம் சந்தேகப்படுவது. யாரைச் சந்தேகப்படுவது என்பதில்தான் தவறினேன்.

நாம் ஓர் ஆலைக்குப் போகுமுன் ஒரு வாரம் இருக்கும்போதே வருகைக் கடிதம் அனுப்புவோம். அப்படியென்றால், குளத்தை மூடும் செலவைத் தவிர்க்க நினைக்கும் ஆலைக்குத் தயாராக ஒரு வாரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். பிறகு பார்க்கும் இடமெல்லாம் அத்தாட்சி கிடைத்தது. நாங்கள் போகும் நாளில் குளத்து வால்வின் சக்கரத்தில் புது கிரீஸ். வால்வடியில் ஈரமான பூட்ஸ் தடம். குளத்தின்மேல் மற்ற இடமெல்லாம் கிடக்கும் எண்ணெய் ஏடு, ராக்கிட் கட்டும் துறையோரம் மட்டும் வாரி அகற்றப்பட்டிருக்கும். தேவராஜிடம் கேட்டால், “மேலிடம் சொன்னாங்க, செஞ்சேன்” என்பார். அதற்குமேல் வாய் திறக்கமாட்டார். மற்ற நேரத்தில் நிற்காத வாய் இதற்கு மட்டும் நின்றது. அது போதாதா எனக்கு?

ஒரு குறிப்பு எழுதினேன். அழகான ஆங்கிலத்தில், ஒரு பக்கம். வருகைக்கு முன் கழிவுநீர் வேறு பக்கம் திருப்பிவிடப்படுவதாகச் சந்தேகம் எழுகிறது, குளத்துப் பொறுப்பில் இருப்பவரை விசாரிப்பது நல்லது என்பது அதன் சாரம். பெர்னார்ட் அங்கிள் படித்துப் பார்த்து, “பேரு போடலையே மா, அப்ப சரி” என்றார். பொறுப்பில் இருப்பவர் ஒரே ஆள் என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். தலைவர் அதை ஆலைக்கு அனுப்பினார்.

ஆலையிலிருந்து நமக்கு ஒரு பதில் வர வழக்கமாக இரண்டு மாதம் ஆகும். இந்தப் பதில் நான்காம் நாள் வந்தது. உங்கள் சந்தேகம் சரியே, அந்தத் தொழிலாளி தன் இஷ்டத்துக்கு வால்வைத் திருப்பியிருக்கிறார், அவர்மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம், இனி நடக்காது. தலைவர் மகிழ்ந்துபோனார். என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு குளத்துத் தொழிலாளிக்கு வாயு அளவு கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அவர் ஏன் வால்வைத் திருப்பவேண்டும்? ஒரு பென்சில் கேட்டால்கூட மூன்று கடிதம் எழுத வைக்கும் ஆலை, குற்றத்தை மட்டும் ஏன் இவ்வளவு அவசரமாக ஒப்புக்கொள்கிறது? நாம் சந்தேகப்பட்டதை எதிரில் இருப்பவர் உடனே ஆமாம் என்றால், அங்கேதான் உஷாராக இருக்கவேண்டும். பெரிதாக எதையோ மூடத்தான் சின்னதை ஒத்துக்கொள்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். கடிதம் அனுப்பாமல் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினேன்.

விடுமுறைச் சனிக்கிழமை அது. பேசினைச் சாக்கில் கட்டி, ஊசிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, காஜாங்கில் பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் விமான நிலைய வேலைக்கு மண் ஏற்றிய லோரிகள். டெங்கிலில் இறங்கும்போது தலைமுடிவரை செம்மண். ஆலையின் பின்பக்க வேலியில் ஆட்கள் போய்வரும் ஒரு வழி உண்டு. அதில் நுழைந்து குளக்கரைக்குப் போனேன். ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் பார்த்தது வால்வைத்தான். அது எப்போதும் இருக்கும் நிலையிலேயே இருந்தது. கழிவு வழக்கமான குளத்துக்கே சூடாக விழுந்துகொண்டிருந்தது. துரு ஏறிய சக்கரத்தில் கிரீஸ் இல்லை.

குளக்கரைக்கு எதிரே தொழிலாளர் வீடுகள். அங்கிருந்து தேவராஜ் கைலியோடு நடந்து வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். பிறகு திரும்பி வீட்டுக்குள் போய் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“நல்ல வேள வந்தீங்க. இத வாசிச்சுச் சொல்லுங்க மிஸ். மலாய்னா தட்டுத்தடுமாறிப் படிச்சிருவேன். இது முழுக்க இங்கிலீசு.”

வேலைநீக்க நோட்டீஸ். கூடவே, வீட்டைக் காலி செய்யவேண்டிய நாளும் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. காரணம் என்று போட்ட இடத்தில் நான் எழுதிய வாக்கியம் இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. காற்புள்ளிகூட நான் வைத்த இடத்தில் இருந்தது.

ஒன்பது வயதில், காப்பார் பக்கத்துத் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணி கொடுத்த இப்படியொரு காகிதத்தை என் அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். எங்கள் லயத்து வீடுகளில் வாசிக்கத் தெரிந்தவள் என்று அன்று எனக்குப் பெருமை. வாசித்து முடித்த பிறகுதான் அது என்ன சொல்கிறது என்று புரிந்தது. தேவராஜுக்கு முழுவதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, “இது நான் எழுதுனதுண்ணே” என்றேன்.

“தெரியும். மேனேஜர் ஆபீசுலயே சொல்லிட்டாங்க. நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். வால்வில் கிரீஸ் ஏன் என்று கேட்டேன். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் புல் வெட்டுவது, கல்லுக்கு வெள்ளை அடிப்பது, கண்ணில் படுகிற இரும்புக்கெல்லாம் கிரீஸ் தடவுவது தோட்டத்து வழக்கம் என்றார். துறையோர ஏட்டை வாரியது, ‘பொண்ணு வருது, நாத்தமா இருக்கக் கூடாது’ என்று மேலிடம் சொன்னதால். எனக்கும் அந்த வழக்கம் தெரியும். பெரிய ஆள் வரும் நாளில் என் அம்மாவும் தோட்டத்துச் சாலையைக் கூட்டியிருக்கிறாள். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. இந்த முறை வரும் பெரிய ஆள் நான்தான் என்பது மனத்தில் ஏறவில்லை.

இருந்தாலும் நான் நம்பவில்லை. இதையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். இரக்கம் வந்துவிட்டது என்பதற்காக ஒருவர் சொல்வது உண்மையாகிவிடாது. “சரி, ராக்கிட்ட எடுங்க. இப்பவே அளந்துருவோம்” என்றேன்.

“வேல போயிருச்சு எனக்கு. பிடிச்சாங்கன்னா?”

“நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க.”

“அதத்தான் ஏற்கெனவே சொன்னாங்களே, நீங்க சொன்னீங்கன்னு.” சொல்லிவிட்டு மூங்கிலை எடுத்தார்.

வழக்கமாக நாங்கள் பேசின் வைக்கும் ஓரத்தைத் தாண்டி நடுப்பக்கம் கொண்டுபோனார். அங்கே ஏடு தடித்துக் கிடந்தது. அதைக் கிழித்துக்கொண்டு குமிழிகள் வந்தன. ஓரிடத்தில் தட்டு அகலத்துக்கு, இன்னோரிடத்தில் பொடிப்பொடியாக. சிறிது நேரம் ஒன்றும் இருக்காது, பிறகு சேர்ந்தாற்போல் பொங்கும். பேசினைக் கவிழ்த்தேன். இரண்டாம் ஊசி இழுக்கும் முன்பே பேசின் ஒரு பக்கம் தூக்கிப் புரண்டது. மறுபடி வைத்தேன். இம்முறை ஊசியைக் குத்தியதும் பிஸ்டனை நான் இழுக்கத் தேவையில்லாமல் உள்ளிருந்த வாயுவே தள்ளியது. என் வாய் தானாகச் சொன்னது: “ரோசாக்.”

தேவராஜ் சிரித்தார். “ஆமா, ரோசாக். அடுத்து உங்க அங்கிள் சொல்லுவாரு, சும்மா கிடக்கிற எடமாப் பாத்துத் தள்ளுடான்னு. ரெண்டு வருசமா அப்படித்தானே? வாயு வர்ற எடத்துலல்லாம் ரோசாக்குனு எழுதிட்டு, வராத எடத்துல பேசின வச்சு அளந்துட்டுப் போறீங்க. நான் அன்னைக்கே கேட்டேன்.”

அப்போதும் நான் தப்பிக்க ஒரு வழி மிச்சமிருந்தது. ராக்கிட்டின் ஆட்டத்தில் சேறு கலங்கித்தான் இந்தக் குமிழிகள் வருகின்றன, அதனால்தான் இவை செல்லாது என்று பெர்னார்ட் அங்கிள் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். கரையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ராக்கிட்டை நிறுத்தச் சொன்னேன். இருவரும் அசையாமல் அரைமணி நேரம் இருந்தோம். குமிழி நிற்கவில்லை. நாங்கள் இருப்பதே அதற்குத் தெரியாததுபோல் வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் லேபுக்கு வந்து, இரண்டு வருட வயல்புத்தகங்களை எடுத்துப் பரப்பினேன். என் சுத்தமான புத்தகங்கள். சிவப்பு ‘ரோ’ எல்லாக் குளங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. டெங்கிலில்தான் மிக அதிகம். வாயு மிகுந்த குளம் என்பதால் அங்கே அதிகம் கெட்டது, கெட்டதை எறிந்தோம், எறிந்த பிறகு மிஞ்சியது அமைதியான அளவு. குளத்தில் நடந்ததில் பெரும்பகுதியை நான் என் கையால் நீக்கியிருந்தேன். யாரும் வால்வைத் திருப்பவில்லை.

பெர்னார்ட் அங்கிளிடம் காட்டினேன். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். “எனக்குச் சொல்லிக்குடுத்தவரும் இப்படித்தான்மா சொல்லிக்குடுத்தாரு. கோடு நேரா இல்லன்னா தூக்கிப் போடு. நேரா இல்லாம இருந்தா என்னன்னு நான் கேக்கவே இல்ல” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதை ஆறு வருடம் கேள்வி கேட்காமல் செய்தது நான். பட்டம் வாங்கியவளும் நான்தான்.

தலைவரிடம் போனேன். அவர் ஆங்கிலத்தில், பொறுமையாகவே பேசினார். அளவுகள் ஏற்கெனவே மேலே போய்விட்டன. ‘ரோ’ அளவுகளைச் சேர்க்க வழிமுறை கிடையாது. தவிர, ஆலையே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டது, நீ ஏன் இல்லை என்கிறாய்? நடக்காத ஒன்றை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்றேன். நாம் மேலும் தோண்டாமல் இருக்க ஓர் ஆளைக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:

“அந்த ஆளு உனக்குச் சொந்தமா?”

ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே தமிழ் வாக்கியம் அது. இல்லை என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு, ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தேன். சொந்தம் என்றால்தான் ஒருவருக்காக உண்மையைச் சொல்லவேண்டும் என்று ஆகிவிடும். இல்லை என்றதே சரி.

ஆலை யோக்கியமானது என்று நான் சொல்லவரவில்லை. கையுறை வேண்டும், பூட்ஸ் வேண்டும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த தேவராஜை வெளியே அனுப்ப அவர்களுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது. அதை நான் என் அழகான ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தேன். நாம் எழுதும் வாக்கியம் நம் மேசையை விட்டுப் போனபிறகு யார் கையில் எதற்குப் பயன்படும் என்று கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பாருங்கள். நான் பார்க்கவில்லை.

தலைவர் வேண்டாம் என்று சொன்னது அளவுகளைத் திருத்துவதை. நான் எழுதிய குறிப்பை நான் திரும்பப் பெறுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் சந்தேகம் தவறு, வால்வு திருப்பப்பட்டதற்கு எங்களிடம் எந்த அத்தாட்சியும் இல்லை, அளவு குறைந்தது எங்கள் அளக்கும் முறையால் என்று எழுதி, என் முழுப் பெயரைப் போட்டு, நானே பஸ் ஏறிக் கொண்டுபோய் ஆலை அலுவலகத்தில் கொடுத்தேன். குமாஸ்தா வாங்கத் தயங்கினார். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தும்வரை அவர் எதிரிலேயே நின்றேன். ஒரு பிரதி தொழிலாளர் அலுவலகத்துக்கு. ஒரு பிரதி தேவராஜுக்கு, தமிழிலும் சேர்த்து. அவர் தமிழில் இருந்ததை இரண்டு முறை படித்துவிட்டு, “இதுக்கு என்ன பண்ணப் போறாங்களோ உங்கள” என்றார். எனக்கும் தெரியாது. ஆறு வருடமாகத் தற்காலிகமாக இருக்கும் என் பதவி அடுத்த மாதம் உறுதியாகவேண்டும். ஆகுமா என்று பெர்னார்ட் அங்கிளே இப்போது கேட்பதில்லை.

ஆனால் திரும்பப் பெற்ற குறிப்பு, போன வேலையைத் தானாகத் திருப்பிக் கொண்டுவராது. ஆலை மறுபடியும் பழைய ஆலையாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்குப் பதில் இரண்டு மாதத்தில் வரும். அவர் வீட்டைக் காலி செய்யவேண்டிய வெள்ளிக்கிழமையோ அதற்குள் வந்துவிடும்.

வருகைக் கடிதங்கள் என் மேசையிலிருந்து, என் கையெழுத்தோடு போகின்றன. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நான் சந்தேகப்பட்ட அதே ஒரு வாரக் கடிதம்தான். அந்த வெள்ளிக்கு முதல்நாள் வியாழனுக்கு டெங்கில் ஆலைக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். நடுக்குளத்தில், குமிழி வரும் இடங்களில், மூன்று மாதம் வாரம் தவறாமல் அளவு எடுக்கவேண்டும். ராக்கிட் தள்ளக் குளத்தின் போக்கு தெரிந்த ஒருவர் வேண்டும், அப்படி ஒருவரே இருக்கிறார், அவர் இடையில் மாறினால் மூன்று மாத அளவும் செல்லாது, முதலிலிருந்து தொடங்கவேண்டிவரும் என்று எழுதினேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒன்றுக்கு நான்கு முறை சரிபார்த்தேன். அவரை வெள்ளிக்கிழமை அனுப்பினால் நாங்கள் அந்தக் குளத்தைவிட்டுப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போகும் என்பது ஆலைக்குப் புரியும். அவர் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி தகப்பன் பெயரோடு முழுதாக எழுதினேன். முன்பு எழுதாமல் விட்ட பெயர்.

அந்தக் கடிதம் நேற்று ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முத்திரை குத்திய பிரதி புதிய வயல்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அந்தப் புத்தகத்துக்குச் சிவப்புப் பென்சில் கிடையாது. வியாழன் காலை ஏழரைக்கு வேன் கிளம்பும். பேசின் புரளாமல் இருக்க நான்கு பக்கமும் கல் கட்டி, ஆறு பேசின்களை வேனில் ஏற்றிவிட்டேன்.